காலரில் விட்ட ஊசி

டெய்லருக்கு இடதுகைப் பழக்கம். அவர் போடும் ஒட்டு எப்போதும் ஒரு பக்கமாகச் சாயும். ஆயிரம் சட்டைக்கு நடுவில் போட்டாலும் தன் கைவேலையைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஞாயிறு மதியம் டிவியில், குடிசைகளை இடிக்க வருவார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. அவர் பிறப்பதற்கு முன்பே வந்தது. கூட்டத்தில் நின்ற கிழவரின் முழங்கையில் அதே சாய்ந்த ஒட்டு.

"இது நான் நேத்து தைச்சுக் கொடுத்த சட்டை."

"ஆமா, உங்களை விட்டா உலகத்துல டெய்லரே கிடையாது பாருங்க," என்றாள் மனைவி.

அப்போது கிழவர் திடுக்கிட்டுப் பிடரியைத் தடவினார். அவள் சிரிப்பு நின்றது. "இவரு சும்மாதானே நிப்பாரு? எத்தனை தடவை பாத்திருக்கோம்!"

டெய்லர் எழுந்துபோய் ஊசிகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

மாலையில் நேற்று சட்டை வாங்கிப்போன பெரியவர் வந்தார், வாசலிலேயே நின்றார். "பாத்துத் தைக்கக் கூடாதா தம்பி? கழுத்துல குத்திடுச்சு." ஊசியை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

நுனியில் ஒரு பொட்டு ரத்தம் காயாமல் இருந்தது. மனைவி விளக்கைப் போட்டாள். டெய்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ரத்தம் சாம்பல் நிறமாகவே இருந்தது.