தூக்கிப் பிடித்த கை

ஆம்புலன்ஸ் வந்தபோது சாலையில் இரண்டு பேர் கிடந்தார்கள். பைக்கில் வந்தவனுக்கு உயிர் இல்லை. நர்ஸ் அவனைத் துணியால் மூடிவிட்டு, கார் ஓட்டி வந்த இளைஞனிடம் ஓடினாள்.

“ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்க மாட்டான். இங்கேயே ரத்தம் ஏத்திடுவோம்” என்று குளிர்பெட்டியைத் திறந்தாள்.

அருகே ஓர் அம்மா அழவும் தோன்றாமல் நின்றிருந்தாள். நர்ஸ் ரத்தப் பையை அவள் கையில் திணித்தாள்.

“உயரத் தூக்கிப் பிடிங்கம்மா. கையை இறக்கினா பிள்ளை போயிடுவான்.”

தூக்கிய கையோடு அவளும் வண்டியில் ஏறினாள்.

“தம்பி, கண்ணை மூடாதே. அம்மா முறைக்கிறாங்க பாரு” என்றாள் நர்ஸ்.

“அந்தப் பையனுக்கு இந்த ரத்தத்தை ஏத்தியிருந்தா?” என்று கேட்டாள் அம்மா.

“நாங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சும்மா.”

“நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேம்மா. அடுத்த வீட்டுப் பிள்ளையை விடுங்க, உங்க பிள்ளையைப் பாருங்க.”

ஆஸ்பத்திரியில் குழாயைக் கழற்றிவிட்டு இளைஞனை உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் நர்ஸ் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

“கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. பிள்ளை பிழைச்சுட்டான்.”

“இவன் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. நீ துணி போட்டு மூடினியே, அவன்தான் என் பிள்ளை.”

நர்ஸ் ஆடிப்போனாள். “அப்புறம் ஏம்மா அவனை விட்டுட்டு இதுல ஏறினீங்க?”

காலிப் பை இன்னும் அம்மாவின் கையில் உயரத்திலேயே இருந்தது.

“கையை இறக்கினா பிள்ளை போயிடுவான்னு நீதானேம்மா சொன்னே? இப்ப இறக்கலாமா?”