வாய்விட்டுச் சொன்ன காலை

மகுடபதியின் தலைக்குள் பொருத்திய சின்னக் கருவி அவருடைய கைநடுக்கத்தை அடியோடு நிறுத்திவிட்டது. ஆனால் அந்த விஷயம் சமையலறைச் சுவரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டியிருந்த பேசும் பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை. தினமும் காலையில் அது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். நோயாளி வாயால் சொல்வதுதான் அதற்கு வேதவாக்கு. நன்றாக இருப்பதை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்த மனிதரோ, "என்னமோ இருக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இன்று பெட்டி சொல்லிவிட்டது: "சிகிச்சையால் உங்களுக்குப் பலன் இல்லை. கருவியை இன்றே நிறுத்துகிறோம்."

அவர் மனைவி வேலாத்தாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவருக்குச் சோறு ஊட்டிவிட்ட வருஷங்களெல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன.

"ஏனுங்க, இன்னிக்காவது உள்ளதைச் சொல்லுங்க! கண்ணு பட்டா நான் சுத்திப் போட்டுக்கறேன்!"

மகுடபதி தளும்பத் தளும்ப இருந்த டீ டம்ளரை எடுத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பெட்டியைப் பார்த்துத் தெருவே அதிரக் கத்தினார்.

"நல்லா இருக்கறேன்! என் கையாலயே சாப்படறேன்! என் பொண்டாட்டிக்கு நான்தான் தலை பின்னி உடறேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. வேலாத்தாள் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிக்க மகிழ்ச்சி. சிகிச்சை தொடரும்" என்றது பெட்டி.

அவள் கைநிறைய உப்பும் மிளகாயும் அள்ளி வந்து அவருக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். அடுப்பை நோக்கித் திரும்பியவள், ஏதோ நினைத்துக்கொண்டு, பெட்டிக்கும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.