ஒத்தைச் சத்தம்

“பொண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்கா. புருஷன் ஹால்ல உக்காந்து கிடார் வாசிக்கிறான். எங்கேயாவது அடுக்குமாடா இது?”

பால்கனியில் நின்றபடி மூத்த மகனிடம் போனில் புலம்பினார் பெரியவர்.

மகளுக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். சேதி தெரிந்த அன்றே ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார் பெரியவர்.

“அவர் தொழிலே அதுதானேப்பா” என்றான் மகன்.

“பாட்டா வாசிச்சாலும் பரவாயில்லை. ஒரே சத்தம்டா. ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன் சொல்றேன், ஹாரன் சிக்கிக்கிட்ட பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மாப்பிள்ளை நாடகங்களுக்கு இசை போடுகிறவர். மத்தியானம் ஆனால் போதும், எலக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கருவியைக் கம்பிக்கு மேலே பிடிப்பார். விரல் படாமலே கம்பி அதிரும். வழக்கமாக மீட்டிய ஒலி தேய்ந்து அடங்கிவிடும் இல்லையா, இது அடங்காது. காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால், அது அந்தச் சுரத்தைப் பிடித்துவைத்துச் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன்மேல் இன்னொரு சுரம். அப்புறம் இன்னொன்று. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது.

அதுகூடப் போகட்டும். ஸ்பீக்கரைக் கொண்டுபோய் மகள் படுத்திருக்கும் அறை வாசலிலேயே வைத்திருந்தார். அதைத்தான் பெரியவரால் பொறுக்க முடியவில்லை.

“அவ தூங்குற நேரம், மாப்பிள்ளை.”

“அவளுக்குப் பழகிடுச்சு மாமா.”

“எனக்குப் பழகலையே. சரி, வாசிக்கிறதுதான் வாசிக்கிறீங்க, ஒரு பாட்டா வாசிக்கக் கூடாதா?”

“பாட்டுன்னா நடுநடுவுல நிக்கும் மாமா.”

சொல்லிவிட்டு மாப்பிள்ளை குனிந்து பெடலை மிதித்தார்.

மகளிடமே கேட்டுப் பார்த்தார் பெரியவர். காலையில் கொஞ்சம் தெளிவாக இருப்பாள்.

“மத்தியானம் நான் அசந்து தூங்கிடுவேன்பா. நீங்க கதவைத் திறக்காதீங்க. அவர் வாசிக்கிறது எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லை” என்று சிரித்தாள்.

இந்த நிலைமையிலும் புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே என்று பெரியவருக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ஒரு நாள் மத்தியானம் மருந்துக் கடைக்குக் கிளம்பினார். பாதித் தெரு தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து திரும்பினார். சாவி போட்டுக் கதவைத் திறந்தால், ஹாலில் ஆளே இல்லை. கிடார் சோபாவில் கிடக்கிறது. சத்தம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

உயிருக்குப் போராடுகிறவளின் வாசலில் இதை அலறவிட்டுவிட்டு, ஆள் எங்கோ போய்விட்டார்.

பெரியவருக்குத் தலைக்கேறியது. விறுவிறுவென்று போய் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினார்.

வீடு அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

கதவுக்குப் பின்னால் ஒரு ஓலம். முதலில் அது மனுஷக் குரலாகவே அவருக்குப் படவில்லை. சக்கரத்தில் மாட்டிய நாய் அப்படிக் கத்தும். அவர் கேட்டிருக்கிறார். அப்புறம் அந்த ஓலத்துக்குள்ளிருந்து அவர் மகளின் பேச்சு வந்தது.

“நின்னுடுச்சு... என்னங்க, நின்னுடுச்சு...”

“ஒயர் கழண்டிருக்கும். கையை விடும்மா, போய்ப் போட்டுட்டு வந்துடறேன்.”

“விடாதீங்க... ஐயோ, விடாதீங்க...”

“நர்ஸ் வந்துடுவாங்க. ஊசி போட்டா அடங்கிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“அப்பா காதுல விழுந்துடும்ங்க.”

“மாமா கடைக்குப் போயிருக்கார். இன்னும் வரலை.”

“வந்துடுவாரு. அம்மா சாகும்போது வலியில கத்தினதையே... இன்னும் தூக்கத்துல உளர்றாரு. நானும்னு தெரிஞ்சா... அவர் தாங்க மாட்டாரு.”

அதற்குமேல் வார்த்தை இல்லை. ஓலம்தான்.

பெரியவர் பிளக்கோடு சுவரைத் தடவினார். குத்துகிற இடம் பிடிபடவில்லை. ஒருவழியாகச் சொருகினார். பெடல் இவ்வளவு நேரமும் விடாமல் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தம் மறுபடி ஹாலை நிறைத்தது. மகளின் குரல் அதற்கடியில் போய்விட்டது.

வாயை மேல்துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு பூனை நடையாக வீட்டு வாசல்வரை போனார். அப்போதுதான் உள்ளே வருகிறவர் மாதிரி கதவைத் திறந்து, வீடே அதிரும்படி சாத்தினார்.

அறைக் கதவு லேசாகத் திறந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் நகக் கீறல்கள், சிலது புதுசு, சிலது ஆறிப்போனது. அவர் கண் தரையைப் பார்த்தது. வாசலில் இருந்து ஸ்பீக்கர் வரை ஈரக் காலடிகள். திரும்பவும் வாசல் வரை.

மாப்பிள்ளையின் முகம் கோணியது. “மாமா...”

பெரியவர் வேண்டாம் என்று தலையசைத்து, உதட்டில் விரலை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என்ன மாப்பிள்ளை இது, தெருமுனை வரைக்கும் கேக்குது. இது நோயாளி இருக்கிற வீடா, இல்லை இரும்புப் பட்டறையா?” என்று அறைக்குள் நன்றாகக் கேட்கும்படி திட்டிக்கொண்டே, குனிந்து ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.