பதினெட்டு நாய்கள்

நகரசபைக் காப்பகத்தில் நாய்கள் பட்டினியில் சாகின்றன என்று ஜீவராணி ஆறு மாதமாக மனு எழுதினாள். ஒருவழியாக இன்று அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். அவளும் கூடப் போனாள்.

பதிவேட்டில் பதினெட்டு நாய்கள். கூண்டுகளிலும் பதினெட்டு. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றின் நெற்றியில் குங்குமம் வேறு.

"பொட்டெல்லாம் வச்சிருக்கீங்களே, இராயப்பண்ணே!"

"புள்ளைங்க மாதிரி வளர்க்கிறேன் தங்கச்சி," என்றான் காப்பாளன் இராயப்பன். "நீங்கதான் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தீங்க."

ஜீவராணிக்கு வெட்கமாகிவிட்டது. அதிகாரி சிரித்தார்.

"உங்க மனு வீண்போகல மிஸ். நானுஓயாப் பக்கம் புதுக் காப்பகம் ரெடி. பதினெட்டையும் இப்பவே லொறியில ஏத்துறோம்."

இராயப்பனின் முகம் வெளுத்தது. "இப்பவேயா? நாளைக்கு ஏத்துங்க சார்!"

யாரும் கேட்கவில்லை. லொறிக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடினான். இவ்வளவு பாசக்காரனைப் பற்றியா எழுதினோம் என்று ஜீவராணி தன்னையே நொந்துகொண்டாள்.

லொறி வளைவில் மறைந்த கொஞ்ச நேரத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"உங்ககிட்ட ஒரு நாய்கூட உசுரோட இல்லேன்னுதானே காலையில இரவலா வாங்கிட்டுப் போனீங்க? சோதனை முடிஞ்சிருச்சுல்ல அண்ணே, எங்க நாய்ங்களக் குடுங்க."

அவர்களுக்குப் பின்னால் துரை பங்களாச் சமையல்காரர், கையில் வெறும் சங்கிலியோடு நின்றார்.

இராயப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீவராணியைக் கைகாட்டினான்.

"இந்தத் தங்கச்சியக் கேளுங்க. மனு எழுதி அனுப்பி வச்சது இவங்கதான்."