பச்சைப் பக்கம்

"உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க மேடம். இன்னிக்குக் காலையிலயும் அட்டை பச்சைதான்" என்றார் மேனேஜர், பெரிய நோட்டு ஒன்றை மகள் பக்கம் திருப்பிக் காட்டியபடி.

திங்கள், செவ்வாய், புதன். வீட்டு எண் முப்பத்திரண்டுக்கு நேரே மூன்று நாளும் பச்சை மையில் டிக். மகள் அதை இரண்டு முறை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குப் பிறகு அம்மா போனை எடுக்கவே இல்லை.

அறுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டுமான குடியிருப்பு அது. சுற்றிலும் உயரமான மதில், கேட்டில் இரண்டு காவலாளிகள், படியே இல்லாத நடைபாதை, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தடுக்கி விழ நினைத்தாலும் இடம் கிடைக்காது.

எல்லாவற்றையும் விட அந்த அட்டைதான் மகளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கதவின் கைப்பிடியிலும் ஒன்று தொங்கும். இரவு ரோந்து வரும் காவலாளி அதைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். காலை ஏழரைக்குள் வீட்டில் இருப்பவர் எழுந்து வந்து பச்சைப் பக்கம் திருப்ப வேண்டும். சிவப்பாகவே இருந்தால் ஆள் வந்து கதவைத் தட்டுவார்; திறக்காவிட்டால் மாற்றுச் சாவி வரும்.

பழைய வீட்டில் தனியாக இருந்தபோது அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்து, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் காதில் முனகல் விழும் வரை அரை நாள் தரையிலேயே கிடந்தாள். அந்தப் பயத்தில்தான் மகள் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

"கதவைத் திறந்து காட்டிடுங்களேன் சார்."

"பச்சையா இருந்தா திறக்க மாட்டோம் மேடம். இவங்க என்ன கைதிங்களா? வேண்டாம்னு உள்ள இருந்தா அது அவங்க இஷ்டம். வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?"

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஞாயிறு இரவு அம்மா போனில் அழுதாள். "இங்க எல்லாம் இருக்கு, ஒரு குழந்தைச் சத்தம் மட்டும் இல்ல. பேரனை ஒரு ராத்திரி கூட தங்க விடமாட்டேங்கிறாங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்றாள். மகளோ, "உனக்கு எதைச் செஞ்சாலும் நிறைவு கிடையாதும்மா" என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டாள்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று பின்னறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே தள்ளிவிட்டுக் கட்டில் போட்டாள். இன்று லீவு சொல்லிவிட்டு, அம்மாவைக் கையோடு அழைத்துப் போக வந்திருக்கிறாள்.

இரண்டாம் மாடிக்கு மேனேஜரும் கூடவே வந்தார். எதிர் வீட்டு டீச்சர் வாசலில் நின்று ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் மழையோ வெயிலோ நடைப்பயிற்சியை விடாதவர்.

"வாம்மா! உங்கம்மா ஞாயித்துக்கிழமை ராத்திரி குப்பை போட வந்தப்பவே மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாங்க. 'யாரும் என் கதவைத் தட்ட வேண்டாம், யாரோடயும் பேசப் பிடிக்கல'ன்னுட்டாங்க. நானும் கோபம் ஆறட்டும்னு விட்டுட்டேன்."

முப்பத்திரண்டாம் கதவில் அட்டை பச்சையாகத்தான் தொங்கியது. மகளுக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. ஒன்பது மணிக்கு முன்னால் அம்மா படுக்கையை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது; அப்பா கடைசி வரை அதைச் சொல்லிக் கேலி செய்வார். அந்த அம்மாவையே இந்த இடம் மாற்றிவிட்டிருக்கிறது.

பெல் அடித்தாள். பதில் இல்லை. போன் போட்டாள். உள்ளே மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

"அம்மா, நான் பேசினது தப்புதான். நாலு அறை வேணா அறைஞ்சுக்கோ, வாங்கிக்கிறேன். கதவை மட்டும் திற."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலமா வந்து பாருங்க மேடம்."

மகள் நகரவில்லை. கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசினாள். "ரூம் ரெடி பண்ணிட்டேன்மா. உன் பேரன் ஆச்சிகூடத்தான் படுப்பேன்னு தலகாணிய இப்பவே கொண்டுபோய்ப் போட்டுட்டான். வாம்மா, போயிடலாம்."

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு அழுகை பொங்கியது, கூடவே ஆற்றாமையும்.

"அட்டையத் திருப்ப மட்டும் விடிஞ்சதும் எழுந்து வரத் தெரியுது. பெத்த பொண்ணு மூஞ்சியப் பார்க்க வரமாட்டியா?"

டீச்சர் கையிலிருந்த ஷூ கீழே விழுந்தது. "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் அவங்க உன்கிட்ட பேசவே இல்லையாம்மா?"

"இல்ல டீச்சர். நீங்க பார்த்திருப்பீங்களே?"

டீச்சர் மேனேஜரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "சார், சாவி. ஓடிப்போய் மாத்துச் சாவி எடுத்துட்டு வாங்க."

"பச்சையா இருக்கும்போது எப்படி டீச்சர்..."

"போங்கன்னா போங்க!"

மேனேஜர் ஓடினார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"ஏழரைக்கு வந்து கதவை இடிக்கிறாங்க, தூக்கமே போச்சுன்னு உங்கம்மா தினமும் புலம்புவாங்க..."

"அதனால?"

"நாலு மாசமா அந்த அட்டையத் திருப்பிட்டுப் போறது நான்தாம்மா."