கன்ஸ்ட்ரக்டரில் எழுதாதது

2074 நவம்பர் 19, பிற்பகல் மூன்று மணி, கோயம்புத்தூரில் தூறல். கணினி நிரலால் ஆக்கப்பட்ட குழந்தைகளுக்கான அலுவலகத்தில், மரகதவல்லி தன் மகள் இதழினியை மடியில் கிடத்தியிருந்தாள். மகளின் கைகால்கள் அசைவற்றுவிட்டன, மாலைக்குள் அவள் இயக்கம் முழுவதுமாக நின்றுவிடும்.

இன்னொருத்தி வேண்டுமா என்று கேட்கும் முடிவுத் தாளை அலுவலர் தேவசகாயம் நீட்டினார். "இவளை ஆக்கின குறிப்பு இருக்கே, அதே கன்ஸ்ட்ரக்டர்தானுங்க அக்கா. பேரு, வயசு, குரல், மச்சம் எல்லாம் கொடுத்து 'நியூ'ன்னு போட்டா இன்னொரு இதழினி வந்துருவா. வித்தியாசமே தெரியாது."

"ரசத்துல கெடக்கற தக்காளித் தோலை எடுத்து என் தட்டுல வைப்பாளுங்க. அது வருமுங்களா?"

"அது இவளாப் பழகினது, இவளோடயே போயிரும். இப்படிப் பழகினதையெல்லாம் கன்ஸ்ட்ரக்டர்ல சேக்கச் சொல்லி வருஷா வருஷம் எல்லாரும் மனு கொடுக்கறாங்க. நீங்க கொடுக்கலயே."

"புள்ளைய வளக்கறப்ப யாருங்க மனு எழுதிட்டு உக்காந்திருப்பாங்க?"

இதழினி கண்ணைத் திறந்தாள். "அம்மா, புதுசா வர்றவகிட்டச் சொல்லிரு. எனக்குப் பிடிக்காதுன்னு அந்தத் தோலை எடுத்து வெக்கல. உனக்குப் பிடிக்கும்னுதான் வெச்சேன்."

மரகதவல்லிக்குத் தக்காளித் தோல் ஒருநாளும் பிடித்ததில்லை. மகள் வைத்தாள் என்பதற்காகவே தின்றிருந்தாள்.

மகளின் தலையை இடக்கையில் தாங்கியபடி, 'இன்னொருத்தி வேண்டாம்' என்று பிழையின்றி எழுதிக் கையொப்பமிட்டுத் தாளை அலுவலரிடம் கொடுத்தாள்.