நாலாவது ஓட்டு

தம்பியின் பையைக் கொண்டுவந்து வாசற்படியில் தொப்பென்று போட்டாள் அக்கா. சட்டைகளை மடிக்கக்கூட இல்லை, அள்ளித் திணித்திருந்தாள்.

"கிளம்பு. சோறு போட்ட வீட்டுக்கே துரோகம் பண்ணிட்ட. இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"நான் மாமாவுக்குத்தான்க்கா போட்டேன். எத்தனை தடவை சொல்றது?"

அன்று பிற்பகலில்தான் வாக்கு எண்ணி முடித்திருந்தார்கள். முதல் முறையாகச் சட்டசபைத் தேர்தலில் நின்ற அவள் கணவருக்கு, சொந்தத் தெருவின் வாக்குச்சாவடியில் விழுந்தது மூன்றே ஓட்டு. வீட்டில் ஓட்டு உள்ளவர்களோ நான்கு பேர்: அவர், அவள், மகள், தம்பி.

டெபாசிட் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அந்த ஜனங்கள் அவருடைய ஜன்னல் சின்னத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டு ஓட்டே விழவில்லை என்றால் வெளியில் எப்படித் தலை காட்டுவது? பால் வாங்கப் போன இடத்தில், "என்னக்கா, உங்க வீட்லயே யாரோ கட்சி மாறிட்டாங்களாமே" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அவமானத்தில் அவள் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடிவந்துவிட்டாள்.

யாரென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தம்பி வேலை பார்ப்பது எதிர்த்து நின்று ஜெயித்தவரின் மரக்கடையில். போதாததற்கு, தேர்தலே வேண்டாம் என்று முதலில் முட்டுக்கட்டை போட்டவனும் அவன்தான்.

"முதலாளிக்கு நன்றி காட்டிட்ட, இல்ல?"

"வேண்டாம்னு சொன்னது நிஜம்தான். நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்கவே மாமாவுக்குக் கூச்சம். நீதான் உசுப்பேத்தி நிக்க வெச்ச. ஓட்டுக் கேக்கப் போன எடத்துலகூட நீதானே பேசின, அவரு உன் பின்னாடி கும்பிட்டுக்கிட்டு நின்னாரு."

"பேச்சை மாத்தாத."

"மாத்தல. நின்னதுக்கப்புறம் அவரை விட்டுக்கொடுப்பனா? அம்மா மேல சத்தியமா சொல்றேன்."

"செத்துப்போன அம்மாவை எதுக்குடா இழுக்குற? ஓட்டுப் போட்ட அன்னைக்கே உன் புத்தி தெரிஞ்சிருக்கணும். மாமா மறைப்புக்குள்ள போயி கொஞ்ச நேரம் நின்னுட்டாருன்னு, 'தன் போட்டோவைத் தானே ரசிக்கிறாரு'ன்னு வரிசையே சிரிக்கிற மாதிரி கிண்டல் பண்ணினவன்தானே நீ."

மகள் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவரோ, வாக்கு எண்ணும் இடத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், தலை நிமிரவே இல்லை. மனுஷனைத் தோல்வி இப்படி ஒடித்துப் போட்டுவிட்டதே! நாளைக்கு யார் முகத்தைப் பார்த்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்?

"நீங்களாவது அவனை ஒரு வார்த்தை கேளுங்களேன்."

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான்.

"போயிட்டு வர்றேன் மாமா. யாரு நம்பாட்டியும் நீங்க நம்புங்க."

அவர் சட்டென்று எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கேயும் போக வேணாம் மாப்ள. உள்ள வா."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இன்னும் என்ன பரிஞ்சு பேசுறீங்க? உங்க மேல நம்பிக்கை இல்லாத ஆளு இந்த வீட்ல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்ப நான்தான் கிளம்பணும். மெஷின்ல என் போட்டோவைப் பாத்ததும், இந்த ஆளுக்கா ஓட்டுப் போடுறதுன்னு எனக்கே தோணிப்போச்சு."